சென்னை – சிங்கப்பூர்: 2,925 கிலோமீட்டர், நாலு மணி நேரம், மீதி நேரம் யார் கணக்கு?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 2,900 சொச்சம் கிலோமீட்டர் என்று உடனே வந்து விழும். மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய கோட்டை இழுத்து அளந்தால் ஏறக்குறைய 2,925 கி.மீ., பைலட்டுகளின் கணக்கில் 1,580 கடல் மைல். சரி, தெரிந்தாயிற்று, அதை வைத்து என்ன செய்வது? நான் இருப்பது சிங்கப்பூரில், ஊரிலிருந்து யாராவது முதல் தடவை இங்கே கிளம்பி வருகிறார்கள் என்றால் எனக்கு வருகிற முதல் கேள்வி "எவ்வளவு தூரம்பா?", இரண்டாவது கேள்வி "எத்தனை மணி நேரம்?". முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சமும் உதவாது என்பதைப் போனில் விளக்கி விளக்கி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் லிங்க்கை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இந்தத் தூரக் கணக்கு சொல்லும் தளங்கள் நேரத்தையும் சேர்த்தே சொல்லும், "பயண நேரம் 4 மணி 8 நிமிடம்" என்கிற மாதிரி நிமிடச் சுத்தமாக. அதைப் பார்த்து யாரோ உட்கார்ந்து விமானத்தைக் கவனித்து எழுதியது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. சொச்சத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். இந்த ரூட்டுக்கு அது தற்செயலாகச் சரியாக வருகிறது. ஜெட் விமானம் வானத்தில் இருக்கும் நேரம் மூன்றே முக்கால் மணிக்கு அக்கம்பக்கம், டிக்கெட்டில் போட்டிருப்பது நாலு மணியிலிருந்து நாலேகால், நாலரை வரை. அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்றால், டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்புவதிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. விமானம் தன் வாசலிலிருந்து பின்னால் நகர ஆரம்பிப்பதிலிருந்து அந்தப் பக்க வாசலில் போய் நிற்பது வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுதளத்துக்கு உருண்டு போவது, முன்னால் ஐந்து விமானங்கள் நிற்கும் வரிசை, சாங்கிக்கு மேலே இறங்க முறை வரும்வரை போடும் வட்டம், இறங்கியபின் முனையம் வரை உருண்டு வருவது, எல்லாம் இதில் அடக்கம். கம்பெனிக்காரர்கள் இதற்குமேல் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பார்கள். அதனால்தான் கால் மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் "குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று அறிவிப்பு கொடுக்கும், நாமும் பைலட் அழுத்தி ஓட்டிவிட்டார் என்று நினைத்துக்கொள்வோம்.

இந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இது. டெல்லி – டோக்கியோ மாதிரி வடக்கே உள்ள ஊர்களுக்கு நடுவே பறந்தால் வரைபடத்தில் பாதை வில் மாதிரி வளைந்து தெரியும். சென்னை – சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சுவரில் தொங்கும் சாதாரண வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே ஏறக்குறைய விமானம் போகும் வழி கிடைத்துவிடும். கோடு தென்கிழக்காக வங்கக் கடலுக்குள் இறங்குகிறது, முதல் ஒன்றரை மணிக்கு மேல் கீழே வெறும் தண்ணீர்தான். அப்புறம் கிரேட் நிக்கோபார் தீவை ஒட்டிப் போகிறது. அங்கே இந்திரா முனை இருக்கிறது, இந்தியாவின் தென்கோடி அதுதான், கன்னியாகுமரி இல்லை. 2004 சுனாமியின்போது அந்த முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்துபோய் கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், சென்னையிலிருந்து கிளம்பி 1,600 கி.மீ.க்கு மேல் வந்து, பாதி வழியைத் தாண்டிய பிறகும் பக்கத்தில் இருப்பது இந்தியத் தரைதான். அங்கிருந்து இந்தோனேசியாவின் முதல் தீவுகள் 200 கி.மீ.க்குள் வந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த இடுக்கு வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குப் போகும் பெரிய சரக்குக் கப்பல்கள் எல்லாம் நுழைகின்றன, பகல் நேர விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்து மேகமும் இல்லாமல் இருந்தால் வரிசை வரிசையாகத் தெரியும்.

அதற்கப்புறம் சுமத்ராவின் வடமுனை, ஆச்சே. பிறகு நீரிணையின் மேலாக மலேசியாவுக்குள் நுழைந்து, மலாக்கா, ஜொகூர் பக்கமாக வந்து சிங்கப்பூர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வெட்டப்பட்டிருக்கிறது இல்லையா, 1025 வாக்கில் நடந்த கடல் படையெடுப்பில் வென்ற ஊர்களின் பட்டியல் அதில் வரும். மாநக்கவாரம் என்றால் நிக்கோபார், இலாமுரிதேசம் ஆச்சே பக்கம், கடாரம் இன்றைய கெடா. விமானத்தில் சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு வந்தால் அந்தப் பட்டியலில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். ராஜேந்திரன் காலத்தில் காற்று பார்த்துத்தான் கப்பல் விட்டார்கள், ஒரு பருவக்காற்றில் போய் அடுத்த பருவக்காற்றில் திரும்புவது. ஆக, போய்வர ஆகும் நேரம் மாதக் கணக்கு, அதில் தூரத்துக்குப் பங்கு கொஞ்சம்தான், காற்றுக்காகக் காத்திருந்ததுதான் அதிகம். இதைச் சும்மா சொல்லவில்லை, இன்றைக்கும் கதை ஏறக்குறைய அதேதான், கீழே வருகிறேன்.

காற்று என்றதும் இன்னொன்று. டெல்லியிலிருந்து டோக்கியோ போக ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது மறிக்கும். நம் ரூட்டில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது, அந்த ஜெட் காற்று இவ்வளவு தெற்கே இறங்கி வராது. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு தலைகீழ் வேலை நடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. இதைப் பற்றி 1958இல் உலகத்துக்கு விளக்கி எழுதியவர் பி. கோடேஸ்வரம் என்கிற இந்திய வானிலை அறிஞர், பிற்பாடு இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர். அந்தக் காற்றின் உச்ச வேகம் விமானங்கள் பறப்பதைவிட மேலே என்றாலும் அதன் கீழ்ப்பகுதி விமானத்துக்கும் கிடைக்கும். அதனால் அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, ஊருக்கு வரும்போது பின்காற்று. வித்தியாசம் என்னவோ பத்து, பதினைந்து நிமிடம்தான். ஊருக்குப் போகிற பக்கம் வேகமாகப் போனால் யாருக்குத்தான் கசக்கும்.

இப்போது கடிகாரப் பிரச்சினை. இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். என் சித்தப்பா இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு டிக்கெட் எடுத்து அனுப்பினேன். இரவு எட்டு மணிக்குச் சாங்கியில் கிளம்பி ஒன்பது நாற்பதுக்குச் சென்னை. "தம்பி, வர்றப்ப நாலு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தேன், போறதுக்கு ஒன்னே முக்கால் மணி நேரம்தானா? வேற ஃப்ளைட்டா?" என்றார். வேறு விமானமும் இல்லை, வேகமும் இல்லை சித்தப்பா, டிக்கெட்டில் கிளம்பும் நேரம் அந்தந்த ஊர் மணி, சேரும் நேரம் அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. போகும்போது நாலு மணிப் பயணம் டிக்கெட்டில் ஆறரை மணி மாதிரித் தெரியும், வரும்போது ஒன்றரை மணி மாதிரித் தெரியும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை கிடைக்கும், இதைவிட எளிதான வழி இல்லை. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கும் இதே இரண்டரை மணிதான், அங்கேயும் 2006இலிருந்து இந்திய நேரமே ஓடுகிறது.

ஆனால் இந்த இரண்டரை மணி என்பதே கொஞ்சம் செயற்கையானது. சூரியனை வைத்துப் பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிதான். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 டிகிரி, சிங்கப்பூர் 104 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம் நீங்களே போட்டுப் பாருங்கள். மீதி ஒரு மணி எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர்க்காரர்கள் கடிகாரத்தைத் தள்ளித் தள்ளி வைத்ததில் வந்தது. 1905இல் கிரீன்விச்சைவிட ஏழு மணி முன்னால் என்று வைத்தார்கள், சூரியனுக்கு ஒத்துப்போனது அதுதான். 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான் பிடித்ததும் ஊரே டோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்பது மணிக்கு மாறியது. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. அதற்கப்புறம் மலேசியா தன் இரண்டு பாதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவெடுத்து, தீபகற்பத்தின் கடிகாரத்தை போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் பக்கத்து நேரத்துக்கு அரை மணி தள்ளியது, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி. அதாவது 1981 வரை இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டே மணிதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் வந்துபோனவர்கள் இன்றும் "ரெண்டு மணி நேரம் தானே" என்று சொன்னால் அவர்கள் சொல்வதும் ஒரு காலத்துச் சரிதான்.

இதன் விளைவு இங்கே வந்திறங்கிய முதல் காலையிலேயே தெரியும். ஏழு மணி வாக்கில்தான் விடியும், வருஷம் முழுக்க அப்படித்தான், பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே. ஆறு மணிக்கு எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் கும்மிருட்டில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து என் அம்மா அரசாங்கத்தைத் திட்டினார். மாலையில் ஏழு மணி வரை வெளிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆறரை வாக்கில் சிங்கப்பூரில் கிளம்பி மேற்கே போகும் விமானம் கிடைத்தால் இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். நிலநடுக்கோட்டருகே பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, விமானம் அதற்கு எதிர்த்திசையில் 850இல் போகிறது, ஆகவே சூரியன் மறைவது பாதி வேகத்துக்கு வந்துவிடும். தரையில் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும் அந்திச் சிவப்பு மேலே வெகுநேரம் நிற்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒன்று, இடப்பக்கம் மறக்காதீர்கள். பாதை வடமேற்காகப் போவதால் டிசம்பரில் கூடுதலாகத் தெரியும், ஜூன், ஜூலையில் சூரியன் ஏறக்குறைய விமானத்துக்கு நேர் முன்னால் போய்விடும்.

நாலு மணி நேரம் என்பது குறையவே இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கப்பல் காலத்தில் இது ஒரு வாரப் பயணம். ரஜுலா என்கிற கப்பல் 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனதோடு அந்தப் பாதையே மூடிக்கொண்டது. இங்கே தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வயதானவர்களிடம் பேசினால் இந்த இரண்டு பெயரும் கட்டாயம் வரும், விமானத்தின் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற நாலு புரொப்பெல்லர் விமானங்களை வாங்கி சிங்கப்பூருக்கு விட ஆரம்பித்தது. அதன் வேகம் மணிக்கு 550 கி.மீ.க்குப் பக்கம், கணக்குப் போட்டால் சென்னையிலிருந்து ஐந்தரை, ஆறு மணி வரும். 1960இல் போயிங் 707 வந்ததும் நாலு மணியானது. அவ்வளவுதான், அதோடு நின்றுவிட்டது. அறுபத்தைந்து வருஷமாகப் பயணிகள் விமானத்தின் வேகம் ஒலியின் வேகத்தில் எண்பது சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, எரிபொருள் மிச்சம் பிடிக்க இன்றைய ஏ320 மாதிரியானவை அந்தக் கால 707ஐவிடக் கொஞ்சம் மெதுவாகக்கூடப் போகின்றன. நடுவில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானத்தை விட்டுப் பார்த்தார்கள், 1977 டிசம்பரில். மூன்று நடை போனதும் மலேசியா தன் வானத்தில் அந்தச் சத்தம் வேண்டாம் என்றது, இந்தியாவும் தன் வானத்தில் ஒலியைத் தாண்டிய வேகத்துக்குச் சம்மதிக்கவில்லை. 1979இல் சுற்றுப்பாதையில் மறுபடி தொடங்கி 1980இல் மூடிவிட்டார்கள். அந்த வேகத்தில் சென்னையிலிருந்து வந்தால் ஒன்றரை மணியில் சிங்கப்பூர். வந்திருந்தாலும் டிக்கெட் விலைக்கு நம்மால் ஏறியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆக, வானத்தில் இருக்கும் நாலு மணி நேரம் யார் நினைத்தாலும் மாறாது. நாம் மாற்றக்கூடியது எல்லாம் தரையில்தான் இருக்கிறது. நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன், அதை வைத்தே சொல்கிறேன். திருச்சி சென்னையைவிடத் தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் கிட்டே என்று எங்கள் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் சிங்கப்பூர் அங்கிருந்து 2,980 கி.மீ., சென்னையைவிட 55 கி.மீ. கூடுதல். விமானத்துக்கு அது நாலே நிமிடம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குக் காரில் இரண்டரை மணி, சென்னை ஏர்போர்ட்டுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி. மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பது, நாலு மணி விமானம், இறங்கிய பிறகு இமிகிரேஷன், பெட்டி, வீடு வந்து சேர ஒன்றரை மணி, இதையெல்லாம் கூட்டினால் திருச்சி வழியாகப் பதினோரு மணி, சென்னை வழியாகப் பதினாறு மணிக்கு மேல். டெல்டாக்காரர்கள், புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாம் ஏன் திருச்சி விமானத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், ஏன் அந்த டிக்கெட் தீபாவளி, பொங்கல் சமயத்தில் சென்னையைவிட விலை ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். திருச்சி ஓடுதளம் இரண்டரை கிலோமீட்டருக்குள்தான், சென்னையில் மூன்றரைக்கு மேல். அதனால் பெரிய விமானங்கள் திருச்சிக்கு வழக்கமாக வருவதில்லை, சீட் குறைவு, கிராக்கி அதிகம். 2024இல் புது முனையம் திறந்து இடம் தாராளமாகிவிட்டது, ஓடுதளம் இன்னும் அதே நீளம்தான்.

தூரம் எவ்வளவு உதவாத எண் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கோலாலம்பூர் டிரான்சிட். சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 297 கி.மீ. கூட்டிப் பாருங்கள், நேர் விமானத்தின் தூரத்தோடு ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது, கோலாலம்பூர் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நேர் விமானம் நாலு மணி, அதே தூரத்தை கோலாலம்பூரில் இறங்கி ஏறிக் கடந்தால் எட்டு மணியும் ஆகலாம், பதினைந்து மணியும் ஆகலாம். அதிலும் மலிவு டிக்கெட்டுகளில் இரண்டு விமானமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், மலேசிய இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போயே போச்சு, யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வயதானவர்களை இப்படி அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கோலாலம்பூர் – சிங்கப்பூர் என்ற அந்த 297 கி.மீ.யும் சுவாரஸ்யமானதுதான். உலகத்திலேயே அதிக விமானங்கள் ஓடும் பன்னாட்டு ரூட்டுகளில் அது ஒன்று, வானத்தில் இருப்பது முக்கால் மணிதான். பஸ்ஸில் வந்தால் 350 கி.மீ., ஐந்து, ஆறு மணி. கேட்டவுடன் விமானம்தான் என்று தோன்றும். ஆனால் கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது, அறுபது கி.மீ. தள்ளி இருக்கிறது, முன்னால் போய் நிற்க வேண்டும், அப்புறம் இந்தப் பக்கம் சாங்கியிலிருந்து வீடு. எல்லாம் சேர்ந்தால் விமானத்துக்கும் ஐந்து மணி ஆகிவிடுகிறது. பஸ்ஸில் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நீண்ட விடுமுறை நாள்களும் மட்டும் விதிவிலக்கு, ஜொகூர் பாலத்தில் நெரிசலில் மாட்டினால் கதை கந்தல்.

எந்த நேர விமானம் என்பதும் பயண நேரத்தை மாற்றும். சென்னையிலிருந்து இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி விடிகாலையில் இறங்குபவை நிறைய. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு நாள் லீவை மிச்சப்படுத்தும் என்று சொல்வார்கள். நாலு மணிப் பயணத்தில், ஏறினதும் ஒரு மணி சாப்பாடு, இறங்குவதற்கு முன் அரை மணி விளக்கைப் போட்டு எழுப்பிவிடுவது எல்லாம் போக, தூக்கம் இரண்டு மணிதான் மிஞ்சும். அதற்கும் மேல் இரண்டரை மணியைக் கடிகாரம் தின்றுவிடும். அன்றைக்கே ஆபீஸ் போய் உட்கார்வது இளவட்டங்களுக்குச் சரிப்படும், எனக்கு இப்போது சரிப்படுவதில்லை. பெற்றோரை அழைப்பதானால் காலையில் கிளம்பி மாலையில் வந்து சேரும் விமானமாகப் பாருங்கள். விடிகாலையில் வருவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கத்திலிருந்து விடியலுக்கு முன் இடிமழை வரிசையாக வந்து சிங்கப்பூரைத் தாக்கும், இங்கே அதைச் சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். அது ஓயும்வரை விமானங்கள் மேலே வட்டமடிக்கும், அரை மணி, முக்கால் மணி போய்விடும். சென்னைப் பக்கம் ஜனவரியில் போகி அன்று விடிகாலை. பனிமூட்டத்தோடு பழைய டயர், பாய் எரித்த புகையும் சேர்ந்து ஓடுதளமே தெரியாமல் போய், 2018 போகியில் விமானங்களைப் பெங்களூர், ஹைதராபாத் என்று திருப்பிவிட்டார்கள். போகி அன்று காலை சென்னை விமானத்தில் டிக்கெட் எடுக்கிறவர்கள் பொறுமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

கிளம்புகிறவர்களுக்குச் சில்லறைக் குறிப்புகள். சிங்கப்பூர் வருகை அட்டையை ஆன்லைனில் வந்து சேர்வதற்கு மூன்று நாளைக்குள் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். சென்னையில் இமிகிரேஷன் வரிசை இரவு பத்திலிருந்து ஒரு மணி வரைதான் நீளம், வளைகுடா, ஐரோப்பா, சிங்கப்பூர் விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதால். சாங்கியில் இறங்கினால் கைரேகை, முகம் பார்க்கும் தானியங்கிக் கதவு, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், பெட்டிக்குத்தான் நிற்க வேண்டும். எம்ஆர்டி என்கிற நகர ரயிலில் முதல் வண்டி ஐந்தரை வாக்கில்தான், அதற்கு முன் இறங்கினால் டாக்சிதான், நள்ளிரவுக் கட்டணம் ஆறு மணி வரை ஓடும்.

கடைசியாகப் பரந்தூர். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் பக்கம் அங்கே வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். நிலம், ஏரி என்று அதில் பேச வேண்டியது ஏராளம், அது தனிப் பதிவு. இந்தக் கணக்குக்கு வேண்டியது மட்டும்: பரந்தூர் மீனம்பாக்கத்துக்கு மேற்கே இருப்பதால் சிங்கப்பூர் தூரம் ஏறக்குறைய நாற்பது கி.மீ. கூடும், விமானத்துக்கு மூன்று நிமிடம். மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ இருப்பவர் அங்கே போய்ச் சேர எழுபது கி.மீ., ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு அது எத்தனை மணி நேரம் என்று எந்தத் தளத்திலும் போடவில்லை.